எம்.எல்.ஏ.வைப் பேச விடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்துக் கோரிக்கை வைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். ஊரும் கோரிக்கையும் வேறு வேறாக இருந்தாலும் முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே புலம்பல்: ‘எல்லாத்தையும் எடுத்துச் சொன்னோம், தலையை ஆட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.’ பதில்களில் ‘எம்.ஐ.’ என்று அடிக்கடி வரும். ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்பதன் சுருக்கம் அது. குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையில் தொடங்கிய உரையாடல் முறை. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991இல் அதைப் புத்தகமாக்கினார். அறிவுரை சொல்லி ஆளை மாற்றுவதை விட, மாற வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரவழைப்பது பலன் தரும் என்பதுதான் அதன் அடிப்படை. எம்.எல்.ஏ., எம்.பி.யிடமும் இதில் பெரும்பகுதி செல்லும். எது செல்லாது என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறோம்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் டாஸ்மாக் கடை. குழுவில் இருந்து 22 பேர் போய் எம்.எல்.ஏ.வைப் பார்த்தோம். கடையால் படும் பாட்டை ஒவ்வொருவராகச் சொன்னோம். கடைசியில் அவர் அரசாங்க வருமானத்தைப் பற்றி எங்களுக்கே வகுப்பு எடுத்து அனுப்பினார். எங்கே தப்பு செய்தோம்?
– மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, திருவாரூர் மாவட்டம்

22 பேர் போனதில் தப்பில்லை. 22 பேரும் பேசியதில்தான் தப்பு.

அந்த எம்.எல்.ஏ.வுக்குக் கடையின் கேடு தெரியாமல் இல்லை. அவர் மனதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெண்கள் ஓட்டு, பள்ளிப் பிள்ளைகள், சொந்தபந்தத்தில் குடித்துக் கெட்டவர்கள் என்று ஒரு பக்கம். அரசின் வருமானம், துறை அமைச்சர், பார் நடத்தும் உள்ளூர் ஆள், ‘இவருக்குச் செய்தால் அடுத்த ஊரும் வந்து நிற்கும்’ என்ற பயம் எல்லாம் மறு பக்கம். இப்படி இரட்டை மனத்தில் இருப்பவரிடம் நாம் ஒரு பக்கத்தை அழுத்திப் பேசினால், காலியாகக் கிடக்கும் மறு பக்கத்தை அவர் பேசுவார். நீங்கள் 22 முறை அழுத்தினீர்கள், அவருக்கும் 22 முறை தற்காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருவர் தன் வாயால் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ அதில் இன்னும் ஊன்றி நிற்பார். உள்ளே போகும்போது அரைமனதாக இருந்தவரை முழுமனதாக எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்த முறை மூன்று பேர் பேசினால் போதும், மற்றவர்கள் உடன் இருக்கட்டும். ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

“அண்ணே, ஸ்கூல் பக்கத்துக் கடை விஷயமா வந்திருக்கோம். வேற இடத்துக்கு மாத்தணும்ங்கிறதுதான் எங்க கோரிக்கை. மனுவை அப்புறம் தர்றோம். முதல்ல, அந்தக் கடையைப் பத்தி உங்க காதுக்கு என்னென்ன வந்திருக்கு, சொல்லுங்க.”

“வராம என்னம்மா, எல்லாரும்தான் சொல்றாங்க. ஆனா ஒரு கடையை எடுத்தா பக்கத்து ஊர்க்காரனும் வந்து நிப்பான். நான் எத்தனைக்குப் போறது?”

“இதுக்குச் சரின்னா வரிசையா வந்து நிப்பாங்கன்னு யோசிக்கிறீங்க.”

“ஆமா பின்ன. ஸ்கூலை ஒட்டி இருக்கிறது இது ஒண்ணுதான், அதையும் சொல்லணும்ல.”

“மத்த கடை மாதிரி இல்ல இது.”

“இல்லதான். பொம்பளப் பிள்ளைங்க அந்த வழியாத்தான் போகுது, வருது.”

கடைசி வரியைச் சொன்னது யார் என்று பாருங்கள். அதே வரியை நீங்கள் சொல்லியிருந்தால் ‘எல்லா ஊர்லயும் அப்படித்தாம்மா இருக்கு’ என்று பதில் வந்திருக்கும். நடுவில் குழு சொன்ன இரண்டு வாக்கியங்களும் கேள்வி அல்ல. அவர் சொன்னதையே கொஞ்சம் தெளிவாக்கித் திருப்பிக் கொடுக்கும் வாக்கியங்கள். எம்.ஐ.யில் இதைப் பிரதிபலிப்பு என்பார்கள். தமிழில் இது கெட்டுப்போகும் இடம் கடைசி எழுத்து. ‘யோசிக்கிறீங்களா?’ என்று ஆகாரத்தில் ஏற்றினால் விசாரணை, ‘யோசிக்கிறீங்க’ என்று இறக்கி நிறுத்தினால் புரிந்துகொண்டதற்கு அடையாளம். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். ‘ஏன்’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘ஏன் இன்னும் எடுக்கல?’ என்றால் எடுக்காததற்கு ஏழு காரணம் கிடைக்கும்.

கையில் மூன்று விஷயம் வேண்டும். முதலாவது தூரம். 2003ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளி, வழிபாட்டுத் தலத்தில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக்கூடாது. எந்த வழியாக அளப்பது என்பதில்தான் எப்போதும் தகராறு. வாசலில் இருந்து வாசலுக்கு நேர்க்கோட்டிலும் அளந்து, நடந்துபோகும் வழியிலும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது தேதி: முதலில் வந்தது பள்ளியா, கடையா என்று கட்டாயம் கேட்பார்கள். மூன்றாவது முன்னுதாரணம். 2016, 2017, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அரசு ஒவ்வொரு முறை 500 கடைகளை மூடியது. முதல் இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில், மூன்றாவது தி.மு.க. ஆட்சியில். இந்த இரண்டில் எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் ‘எங்க ஆட்சியிலயே மூடியிருக்கோம்’ என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள்.

கடை எங்கே இருக்க வேண்டும் என்பது கலெக்டரும் டாஸ்மாக் மாவட்ட மேலாளரும் பார்க்கிற வேலை. ஆகவே ‘மூடுங்கள்’ என்பதை எம்.எல்.ஏ.விடம் கேட்க முடியாது. அந்த இருவரிடமும் பேசச் சொல்லிக் கேட்கலாம்.

(டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1983இல்தான். மில்லருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.)

‘இது கட்சி எடுத்த முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை’ என்று எங்கள் எம்.எல்.ஏ. சொல்லிவிட்டார். ஏரியை ஒட்டி வரப்போகும் தொழிற்பேட்டை பற்றிப் பேசப் போயிருந்தோம். இதற்கு மேல் என்ன பேசுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 1985இல் வந்த அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். முன்அனுமதி பெற்றிருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னித்தாலோதான் தப்பலாம். அவையில் கைதூக்கும் நேரத்தில் அவர் கை நிஜமாகவே கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டம் பேசுவது ஓட்டைப் பற்றியும் கட்சியை விட்டு விலகுவதைப் பற்றியும்தான். அமைச்சருக்குக் கடிதம் எழுதுவது, கேள்வி கேட்பது, கவன ஈர்ப்புக் கொடுப்பது, மானியக் கோரிக்கை விவாதத்தில் இரண்டு நிமிடம் தொகுதிப் பிரச்சினையைச் சொல்வது எதையும் அது தடுக்கவில்லை. (தலைமைக்குப் பிடிக்குமா என்பது வேறு சட்டம், அது எந்த அட்டவணையிலும் இல்லை.)

இதை அவருக்குப் பாடமாக எடுக்காதீர்கள். நம்மை விட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “கட்சி முடிவை நீங்க மீற முடியாது, புரியுதுங்கய்யா. அதே நேரம் ஏரித் தண்ணியை நம்பி இருக்கிறவங்க நாளைக்கு வந்து நிக்கப்போறது உங்ககிட்டத்தான்.” இதில் கவனிக்க இரண்டு உண்டு. நமக்கு வேண்டிய பக்கம் கடைசியில் வர வேண்டும், ஏனென்றால் பதில் எப்போதும் கடைசியாகக் காதில் விழுந்ததற்குத்தான் வரும். இரண்டாவது, நடுவில் ‘ஆனா’ போடாதீர்கள். ‘ஆனா’ முன்னால் சொன்னதை அழித்துவிடும். ‘அதே நேரம்’ இரண்டையும் நிற்க வைக்கும்.

பிறகு கொஞ்சம் சும்மா இருங்கள். ஐந்து விநாடி மௌனம் நமக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, “முடிவு உங்களுது. கட்சிக்கும் சங்கடம் வராம, உங்களால எது முடியும்னு நினைக்கிறீங்க?” எது முடியாது என்று பட்டியல் போட வந்தவரை, எது முடியும் என்று யோசிக்க வைக்கும் கேள்வி இது. ‘முடிவு உங்களுது’ என்று நிஜமாகவே சொல்ல வேண்டும். நெருக்குகிறார்கள் என்று தோன்றினால் யாரும் முரண்டு பிடிப்பார்கள். விடுகிறார்கள் என்று தெரிந்தால் தாங்களே ஓர் அடி முன்னால் வைப்பார்கள்.

அமைச்சர் அவையில் ஏதாவது வாக்குறுதி கொடுத்தால் தேதியோடு குறித்து வையுங்கள். அது நிறைவேறியதா என்று பார்க்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

‘பார்க்கலாம்’, ‘பண்ணிடலாம்’, ‘பண்றேன்’, ‘ஆவன செய்யப்படும்’. இத்தனை பதில்களில் எதை நம்புவது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வந்த கேள்விகளிலேயே உருப்படியானது இது.

எம்.ஐ.யில் மாற்றத்தை நோக்கிய பேச்சைத் தரம் பிரிப்பார்கள். ஆசை, இயலும் என்ற நம்பிக்கை, காரணம், தேவை ஆகிய நான்கும் ஏறுமுகப் பேச்சு. உறுதி, தயார்நிலை, எடுத்துவைத்த அடி ஆகிய மூன்றும் காரியத்துக்குக் கிட்டத்தில் நிற்கும் பேச்சு. ஆங்கிலத்தில் இதைப் பிடிக்கக் கூர்ந்து கேட்க வேண்டும். தமிழில் வினையின் வாலைப் பிடித்தால் போதும்.

‘-லாம்’ என்று முடிந்தால், இயலும் என்கிறார், அவ்வளவுதான். ‘பண்ணிடலாம்’ என்பதில் யார் பண்ணுவது என்றே இல்லை. ‘-ணும்’ என்று முடிந்தால் தேவையை ஒப்புக்கொள்கிறார்: ‘அதை எடுக்கணும்தான்.’ இது ‘-லாம்’ஐ விட ஒரு படி மேல். கூடவே வரும் ‘தான்’ஐக் கவனியுங்கள், அதற்குப் பின்னால் சொல்லாத ஓர் ‘ஆனா’ ஒளிந்திருக்கிறது. ‘-றேன்’ என்று முடிந்தால் ‘நான்’ உள்ளே வந்துவிட்டார். ஆனாலும் ‘கண்டிப்பா பண்றேன்’ என்பதில் என்ன, எப்போது என்பது இல்லை. ‘திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட பேசறேன்’ என்பதில்தான் ஆள், நாள், காரியம் மூன்றும் இருக்கின்றன. ‘-ட்டேன்’ எல்லாவற்றுக்கும் மேல்: ‘பி.ஏ.கிட்ட லெட்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன்.’ கால் ஏற்கெனவே எடுத்துவைத்தாயிற்று.

‘ஆவன செய்யப்படும்’, ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ போன்றவை இந்த ஏணியிலேயே இல்லை. செய்பவர் இல்லாத வினை அது, கோப்பை மூடும் ஓசை. ‘பார்க்கலாம்’ பெரும்பாலும் மரியாதையான ‘இல்லை’. எப்போதும் அல்ல, முகத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

படி தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். ஒரு படிதான் ஏற்ற வேண்டும், தாவக்கூடாது. ‘பண்ணிடலாம்’ என்பவரிடம் ‘எப்போ பண்ணுவீங்க?’ என்று பாய்ந்தால் ‘பார்க்கலாம்’க்கு இறங்கிவிடுவார். மாறாக, “முடியும்னு சொல்றீங்க. அப்படி நடந்தா ஊருக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டால் காரணம் வரும். ‘பண்ணணும்தான்’ என்றால் ஒளிந்திருக்கும் ‘ஆனா’வை வெளியே எடுங்கள்: “பண்ணணும், ஏதோ தடுக்குது.” அவர் சொல்லிவிட்டால் தடை உங்களுக்கும் தெரிந்துவிடும். ‘பண்றேன்’ என்றால் மட்டும் நாள் கேளுங்கள்: “சந்தோஷம்ணே. முதல்ல எதைத் தொடங்குவீங்க?”

எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் எம்.ஐ. படித்தோம். ‘இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள்’ என்ற கேள்வியை எம்.பி.யிடம் கேட்கலாமா? கோபித்துக்கொள்ள மாட்டாரா?
– சமூகப்பணி மாணவி, கோவை

பத்துப் பேர் சூழ நிற்கும்போது கேட்டால் கோபம் நிச்சயம். தன்னைப் பரீட்சை எழுத வைப்பதை எந்தத் தலைவரும் ஆட்கள் முன்னால் விரும்ப மாட்டார். தனியாகப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் கேட்கலாம். ஆனால் மார்க் வேண்டாம், வரிசையாக மாற்றுங்கள்: “சார், உங்ககிட்ட வர்ற பத்து கோரிக்கையில இதை எத்தனாவதா வைப்பீங்க?”

‘ஆறாவதா ஏழாவதா வைக்கலாம்’ என்பார். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். ‘ஏன் முதலாவதா வைக்கல?’ என்று கேட்டால், கோரிக்கை ஏன் முக்கியமில்லை என்பதற்கு அவரே வக்கீலாகிவிடுவார். “பத்தாவதா வைக்காம ஏழுல வைக்கக் காரணம் என்ன சார்?” என்று கீழ்நோக்கிக் கேளுங்கள். பதிலாக வருவது முழுக்க உங்கள் கோரிக்கைக்கான வாதமாக இருக்கும். வகுப்பில் படித்த அதே நுணுக்கம்தான், எண்ணை மட்டும் திருப்பியிருக்கிறோம்.

வகுப்பில் முக்கியத்துவம், நம்பிக்கை என்று இரண்டு அளவுகோல் சொல்லியிருப்பார்கள். மக்கள் பிரதிநிதியிடம் இரண்டாவதுதான் அதிகம் உதவும். ‘வேணும்தான், நடக்காது’ என்று நினைப்பவரிடம் முக்கியத்துவத்தைப் பற்றி மேலும் பேசுவது நேர விரயம். “எது இருந்தா இது நடக்கும்னு உங்களுக்கு நம்பிக்கை வரும்?” என்று கேளுங்கள். அனேகமாக ஓர் அதிகாரியின் பெயரோ, ஒரு கோப்போ, மூன்று கிராமசபைத் தீர்மானமோ பதிலாக வரும். கிராமசபை என்றால் உங்கள் வேலையை நாட்காட்டியே சொல்லிவிடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

எங்கள் ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலியோடு இரண்டாவது நடைமேடைக்குப் போகவே முடியாது. 40 பக்க அறிக்கை தயாரித்து எம்.பி.யிடம் கொடுத்தோம். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.
– மாற்றுத்திறனாளிகள் சங்கச் செயலாளர், விருதுநகர் மாவட்டம்

40 பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள். அது உங்கள் கையில் இருக்கட்டும், அவர் கையில் ஒரு பக்கம் போதும். தகவல் கொடுப்பதற்கு எம்.ஐ.யில் கேள் – சொல் – கேள் என்று ஒரு வரிசை உண்டு. முதல் ‘கேள்’ நம் ஊரில் சிக்கலானது. ‘இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?’ என்றால் அவமதிப்பு. “ரயில்வேகாரங்க இதைப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க சார்?” என்றால் அவர் உங்கள் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வார். பாதி நேரம் உங்களுக்கே தெரியாத செய்தி வரும்.

அடுத்து அனுமதி: “ரெண்டு விஷயம் சொல்லலாமா?” இரண்டு என்றால் இரண்டுதான். ஒன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 41ஆவது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. இரண்டு, உங்கள் நிலையத்தின் நிலவரம்: படிகள் எத்தனை, சரிவுப்பாதை இருக்கிறதா, எந்தெந்த ரயில்கள் இரண்டாவது நடைமேடையில் நிற்கின்றன. எண்ணிப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும், ‘பல படிகள்’ என்று எழுதக்கூடாது. பிறகு மறுபடி கேள்வி: “இதுல எது உங்களுக்கு அவையில பயன்படும்?”

அவர் ‘கேள்வியாப் போடலாம்’ என்றால் வீட்டுக்குப் போய் எழுதித் தருகிறோம் என்று சொல்லாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், கேள்வி சாதாரணமாக 150 சொல்லைத் தாண்டக்கூடாது. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். அதில் இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். இரண்டாவது வகைக்கு எழுத்தில் பதில். ஆதாரமாகக் காட்ட அதுவே போதும். ‘நடவடிக்கை எடுக்கப்படுமா’ என்ற கேள்விக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். ‘எந்த ஆண்டுப் பணித்திட்டத்தில், எந்த நாளுக்குள், எவ்வளவு ஒதுக்கீடு’ என்று உடைத்துக் கேட்டால் தப்பிக்க இடம் குறைவு.

ஒரு பாராட்டும் வையுங்கள். ‘மக்களின் விடிவெள்ளியே’ வகை வேண்டாம், அது அவருக்குத் தினமும் போஸ்டரில் கிடைக்கிறது, மதிப்பு இறங்கிப்போன காசு. “போன கூட்டத்தொடர்ல மேம்பாலம் பத்தி நீங்க கேட்ட கேள்வியைப் படிச்சோம் சார்” என்றால் நிமிர்ந்து உட்காருவார். உண்மையிலேயே படித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நைச்சியமாகப் பேசி ஆளை மடக்குகிற வித்தைதானே? ஓட்டுப் போட்டவன் ஏன் இப்படி நயந்து பேச வேண்டும்?
– வாசகர், சென்னை வியாசர்பாடி

இரண்டு கேள்வி, இரண்டும் நியாயம்.

எம்.ஐ. மருத்துவ அறையில் வளர்ந்தது. அங்கே எதிரில் இருப்பவரின் நலன்தான் நோக்கம். கோரிக்கையோடு போகும் நமக்கு நம் காரியம் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறைத்தால் நீங்கள் சொல்வது போல வித்தைதான். அதனால்தான் முதல் பதிலில், வந்த காரியத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொன்னோம். நோக்கத்தைச் சொல்லிவிட்டு அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில் ஏமாற்று இல்லை. அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திருப்பிக் கொடுப்பது, தெரியாமல் ரெக்கார்டு செய்வது, ‘நீங்களே சொன்னீங்களே’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுச் சிக்க வைப்பதெல்லாம் ஏமாற்று. ஒரு முறை அப்படிச் செய்தால் அந்த வாசல் அடுத்த சங்கத்துக்கும் சேர்த்து மூடிக்கொள்ளும்.

நயந்து பேசுவது பற்றி: கேட்பது வேறு, கெஞ்சுவது வேறு. உரிமையை எங்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. இரட்டை மனத்தில் இருப்பவரிடம்தான் இது வேலை செய்யும். உங்கள் கோரிக்கையை எதிர்ப்பதில் தெளிவாக இருப்பவரிடமோ, அந்தக் காரியத்தில் காசு பார்ப்பவரிடமோ பிரதிபலித்துக்கொண்டிருப்பது வீண். அங்கே 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 30 நாளில் பதில் வாங்கலாம். வழக்கு, ஆர்ப்பாட்டம் எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டையும் செய்யாமல் இருப்பது நல்லது. காலையில் வாசலில் கோஷம் போட்டவரே மாலையில் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பி.ஏ. ஐந்து நிமிடம்தான் தருகிறார். அதிலும் பாதி போன் வந்துவிடுகிறது.
– விவசாயி, ஈரோடு மாவட்டம்

ஐந்து நிமிடம் போதும், மனுவைப் படித்துக் காட்டாமல் இருந்தால். அரை நிமிடத்தில் யார், எந்த ஊர், என்ன கோரிக்கை. உடனே ஒரு திறந்த கேள்வி, அதாவது ‘ஆமா’, ‘இல்லை’ என்று முடித்துவிட முடியாத கேள்வி. அடுத்த மூன்று நிமிடம் அவருடையது, நீங்கள் பிரதிபலிப்பதோடு சரி. கடைசி ஒரு நிமிடத்தில் அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தொகுத்துச் சொல்லி, ‘முதல்ல எது?’ என்று கேட்டு, மனுவைக் கொடுங்கள். போன் வந்தால் அது நல்லதுக்கே: அவர் பேசி முடிக்கும்வரை கடைசியாக என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைவில் வையுங்கள். வைத்ததும் “பிள்ளைங்க அந்த வழியாப் போறதைச் சொல்லிட்டு இருந்தீங்க” என்று எடுத்துக் கொடுத்தால், விட்ட இடத்தில் இருந்து அவரே தொடர்வார்.

சால்வையும் போட்டோவும் கடைசியில். நம் ஊரில் போட்டோ எடுத்தாயிற்று என்றால் சந்திப்பு முடிந்தது என்று அர்த்தம். முதலிலேயே எடுத்துவிட்டால் பி.ஏ. அடுத்த ஆளை உள்ளே விட்டுவிடுவார். ஒருவர் பேச, ஒருவர் அவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள, மூன்றாமவர் பி.ஏ.யோடு நிற்கட்டும். லெட்டர் டைப் ஆகிற இடம் அதுதான். இரண்டு நாளுக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும், அதில் உங்கள் வாதம் எதுவும் இருக்கக்கூடாது: ‘திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரிடம் பேசுவதாகத் தாங்கள் கூறியதற்கு நன்றி.’ செவ்வாய்க்கிழமை பி.ஏ.க்கு ஒரு போன்.

கல்யாண மண்டபத்தில் எதேச்சையாகப் பார்த்தால் மனு எடுக்காதீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் கோரிக்கை ஏறாது. பார்க்க எப்போது வரலாம் என்று மட்டும் கேளுங்கள்.

லண்டனில் வசிக்கிறோம். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி இங்குள்ள எம்.பி.யிடம் பேச விரும்புகிறோம். இதே முறை சரிவருமா?
– வாசகி, ஹாரோ

முறை அதுவேதான், சடங்குகள் வேறு. தொகுதி மக்களை எம்.பி. சந்திக்கும் நேரத்துக்கு அங்கே ‘சர்ஜரி’ என்றே பெயர், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சால்வை வேண்டாம். இலங்கை நிலவரத்தை அவர் அறிந்திருப்பார் என்று எண்ண வேண்டாம், அறியாதவர் என்றும் பேச வேண்டாம்: “இது பற்றி உங்களிடம் வேறு யாரும் பேசியிருக்கிறார்களா?” என்று தொடங்கலாம். கேட்பது அவரால் ஆகக்கூடியதாக இருக்கட்டும்: வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம், எழுத்துக் கேள்வி, வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் (மக்களவையின் இரண்டாவது விவாத அரங்கு) விவாதத்தில் பேசுவது. நாடாளுமன்ற இணையதளத்தில் மனு இயக்கம் என்றால் 10,000 கையொப்பத்துக்கு அரசு பதில் தரும், 100,000க்கு விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள்.

அங்கே ஓர் எம்.பி. அடுத்த எம்.பி.யின் தொகுதி மக்களுடைய பிரச்சினையை எடுப்பதில்லை என்பது எழுதாத விதி. ஆகவே ஹாரோக்காரர்கள் எல்லாரும் ஒரே எம்.பி.யிடம் திரளாகப் போய்ப் பயனில்லை. முதல் மின்னஞ்சலிலேயே வீட்டு முகவரியும் அஞ்சல் குறியீடும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருந்து வரும் முதல் பதில், அதைக் கேட்டுத்தான் வரும்.